மருந்து கொடுத்த டீச்சர்

நிருஷாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டால் அடக்கத் தெரியாது. சிறு வயதிலிருந்தே அப்படித்தான். ஃபாதர் பிரசங்கத்தின் நடுவே தும்மினால் போதும், இவள் பெஞ்சுக்கு அடியில் குனிந்துகொண்டு தோள் குலுங்கக் கிடப்பாள். கல்யாணத்தன்று ரொபர்ட் புதுச் சப்பாத்து போட்டிருந்தான். அது அடிக்கு ஒரு தரம் கீச்சிட்டது. பீடத்தண்டை வந்து நின்றதும் இவளால் முடியவில்லை. அன்றைக்கு எடுத்த படங்களில் ஒன்றில்கூட அவள் வாய் மூடியிருக்காது. சாவு வீட்டில் சிரித்துவிடுவோமோ என்ற பயத்தில், யாராவது செத்துப்போனால் மூன்றாம் நாள்தான் துக்கம் கேட்கப் போவாள்.

ருவான்வெல்லைக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், பால்வெட்டுகிறவர்களுக்குப் பிறந்தவள். உயர்தரம் படித்து, கட்டுநாயக்கவில் கொஞ்ச காலம் கார்மென்ட்டில் சட்டைக் காலர் தைத்து, அது வெறுத்துப்போய்த் திரும்பி வந்து, பயிற்சி எடுத்துக்கொண்டு, தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் டீச்சரானாள். வாசல் பலகையில் 'சிறுவர் அபிவிருத்தி நிலையம்' என்று மும்மொழியிலும் எழுதியிருக்கிறது. சனங்களுக்கு அது இன்றைக்கும் பிள்ளை மடுவம்தான். விடியக் காலையில் பால்வெட்டப் போகிற தாய்மார் பிள்ளைகளைத் தூக்கக் கலக்கத்தோடு கொண்டுவந்து விட்டுப் போவார்கள். உதவிக்கு மூக்காயி அக்கா இருந்தாள். அவள் இலைக்கஞ்சி காய்ச்சுவாள், நிருஷா கருப்பட்டித் துண்டைக் காட்டிக் காட்டிக் குடிக்க வைப்பாள். சிரிக்கிற டீச்சர் என்றால் பிள்ளைகளுக்குக் கேட்கவா வேண்டும்? ஞாயிற்றுக்கிழமையும் போகவேண்டும் என்று அழுகிற பிள்ளைகள் அந்த லயத்து வரிசை வீடுகளில் இருந்தன.

அவளுடைய உயிர்த் தோழி கலைச்செல்வி. ஒரே லயத்தில் பிறந்து, ஒரே பெஞ்சில் படித்தவர்கள். கலைச்செல்வி பால்வெட்டுகிறாள். அவள் புருஷன் இந்திரகுமார் தோட்டத்துச் சங்கத் தலைவர். ஒரு காலத்தில் குடித்துவிட்டுத் தண்ணீர்ப் பீலிக்கரையில் படுத்துக் கிடந்த மனிதர். போன வருஷம் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போய், மாணிக்க கங்கையில் முழுகி, இனிமேல் கையால் தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணிவிட்டு வந்தார். கலைச்செல்வி அதை ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். அவர்களுடைய ஒரே மகள் ஷாமிளாவுக்கு நாலு வயது. மடுவத்தில் டீச்சரின் முந்தானையை விடாமல் பிடித்துக்கொண்டு திரிகிற பிள்ளை அவள்தான்.

அன்றைக்கு மத்தியானம் மழை விட்டு வெயில் அடித்தது. பிள்ளைகள் ஒன்றும் தூங்குகிற மாதிரி இல்லை. சரி, தூங்காவிட்டால் விளையாடட்டும் என்று நிருஷா பாய்களைச் சுருட்டி வைத்தாள். இரண்டிரண்டு பேராகக் கைகோத்து, பின்னால் சாய்ந்து, கிறுகிறுவென்று சுற்றுகிற விளையாட்டு. தலை சுற்றி விழுந்தால் விழுந்த இடத்திலேயே கிடந்து, கூரை ஓடுவதைப் பார்க்கவேண்டும். டீச்சரும் ஷாமிளாவோடு கைகோத்துச் சுற்றினாள். விழுந்து, எழும்பி, மறுபடியும் விழுந்து, மூக்காயி அக்கா தூணைக் கட்டிக்கொண்டு "ஐயோ போதும் டீச்சர், எனக்கு மயக்கமா வருதுங்க" என்று கத்துகிற வரைக்கும் நடந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் கலைச்செல்வி பிள்ளையைக் கூட்டிப்போக வந்தாள். நிருஷா அப்போதுதான் கோப்பை கழுவ உள்ளே போயிருந்தாள், "வாரேன்டி" என்று குரல் மட்டும் கொடுத்தாள். வெளியே நடந்தது என்னவென்று அவளுக்குப் பிற்பாடுதான் தெரிய வந்தது.

ஷாமிளா வாசலுக்கு நேராக நடக்கிறேன் என்று சுவருக்கு நடந்தாள். முட்டிக்கொண்டாள். கெக்கெக்கெ என்று சிரித்தாள். படியில் உட்காரப்போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"என்னாடி ஆச்சு ஒனக்கு?"

"தலை சுத்துதும்மா. மருந்து குடிச்சேன்."

கலைச்செல்வி கையிலிருந்த பையைக் கீழே போட்டாள். பிள்ளைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். அம்மா இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு அக்கறையாகத் தன்னைப் பார்த்ததாக ஷாமிளாவுக்கு ஞாபகமே இல்லை. பிள்ளைக்கு அது பிடித்துப்போய்விட்டது.

"யாரு குடுத்தா?"

ஷாமிளா யோசித்தாள். "டீச்சர்."

"கசந்துச்சா?"

"ம்."

"தொண்டை எரிஞ்சுச்சா?"

"ம்ம்."

"சாராயம் மாதிரி நாத்தமா?"

"ரொம்ப நாத்தம்!" என்றாள் ஷாமிளா, மிகுந்த சந்தோஷத்தோடு.

மறுநாள் விடிகிறதற்குள் பேச்சு, வேலைக்குப் பேர் போடுகிற பிரட்டுக்களத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. பிள்ளைகள் பகலில் தூங்குவதற்காக டீச்சர் கசிப்புச் சாராயம் கொடுக்கிறாள். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமையும் போகவேண்டும் என்று அழுகிறதுகள். ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளையை மடியில் உட்காரவைத்து, விசுக்கோத்து கொடுத்து, அன்பாக விசாரித்தார்கள். அன்பாக விசாரித்தால் எந்தப் பிள்ளை இல்லை என்று சொல்லும்? போத்தல் சிவப்பு என்றது ஒன்று. நீலம் என்றது இன்னொன்று. டீச்சரும் குடித்துவிட்டு ஓட்டுக்கு மேலே பறந்தார் என்று ஒரு பையன் சொன்னான். பெரியவர்கள் பறந்ததை விட்டுவிட்டுப் போத்தலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

காலையில் மடுவத்துக்கு ஒரு பிள்ளையும் வரவில்லை. நிருஷாவும் மூக்காயி அக்காவும் கஞ்சிப் பானையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என்ன விஷயமென்று பார்த்துவரப் போன மூக்காயி அக்கா, திரும்பி வந்து முதலில் பானைக்கு மூடி போட்டாள். பிறகு சொன்னாள்.

நிருஷா நேரே கலைச்செல்வி பால்வெட்டுகிற மலைக்கு ஓடினாள். கலைச்செல்வி வெட்டுக் கத்தியோடு ஒரு மரத்தடியில் நின்றாள். ஷாமிளா பக்கத்தில் சிரட்டைகளைக் கவிழ்த்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

"கலை, என்னாடி இது, நான் கசிப்பு குடுத்தேன்னு..." என்று தொடங்கினவளுக்கு, 'கசிப்பு' என்ற சொல் வாயைவிட்டு வந்ததுமே உதடு துடித்தது. வேண்டாம், இப்போது வேண்டாம் என்று தனக்குள் கெஞ்சினாள். மாதாவைக் கூப்பிட்டாள். ஒன்றும் பலிக்கவில்லை. மரத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள்.

"சிரிக்கிறியா? எம்புள்ள செவுத்துல முட்டிக்கிட்டு வந்திருக்கு, ஒனக்கு சிரிப்பு வருதா?"

"இல்லடி... சத்தியமா... நான்..." அதற்குமேல் வரவில்லை.

கலைச்செல்வி பிள்ளையை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். பக்கத்து வரிசையில் நின்றவள் சத்தமாகவே சொன்னாள்: "பாரேன், காலங்காத்தாலயே போட்டிருக்கா."

அன்றோடு நிருஷா கொடுக்கிறவள் மட்டுமல்ல, குடிக்கிறவளும் ஆனாள்.

ரொபர்ட் டவுனில் த்ரீவீல் ஓட்டுகிறவன். சாயங்காலம் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னான்: "இன்னிக்கு மூணு பேரு என் ஆட்டோவுல ஏறல. நாலாவதா ஒருத்தன் ஏறினான். ஏறி, காதுகிட்ட வந்து, 'அண்ணே, ஒங்க வீட்டுல ஒரு போத்தல் கெடைக்குமா'ங்கிறான்."

இரண்டு பேரும் குசினியில் உட்கார்ந்து, அடுப்பு அணைந்தது தெரியாமல் சிரித்தார்கள். எந்த இடத்தில் சிரிப்பு நின்று அழுகை தொடங்கியதென்று நிருஷாவுக்கே தெரியவில்லை. ரொபர்ட் அவள் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டான். "தோட்டத்தை விட்டுப் போயிருவோமா?" என்று கேட்டான். அவள் மாட்டேனென்று தலையாட்டினாள்.

ஊரே ஒன்றைச் சொல்லும்போது, சொல்லப்படுகிறவளுக்கே மெல்ல ஒரு சந்தேகம் வந்துவிடுகிறது. நிருஷா மடுவத்துக் கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து மோந்து பார்த்தாள். கஞ்சி புளித்திருக்குமோ? மூக்காயி அக்கா இலை மாற்றிப் பறித்துவிட்டாளோ? அதே இலையில், அதே பானையில் மறுபடி காய்ச்சச் சொல்லி, கோப்பை கோப்பையாகத் தானே குடித்துவிட்டு, என்ன ஆகிறதென்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் நிஜமாகவே தலை சுற்றியது!

"அக்கா! சுத்துதுக்கா! அப்ப உண்மைதான் போல!"

"நேத்திலருந்து நீங்க ஒரு வாய் சோறு திங்கல டீச்சர். சுத்தாம என்ன செய்யும்?" என்று மூக்காயி அக்கா ஒரு தட்டில் சோற்றைப் போட்டுக் கையில் கொடுத்தாள்.

இதற்கிடையில் மலையில் வேறொரு கூத்து நடந்துகொண்டிருந்தது. மடுவத்துக்கு விடாத பிள்ளைகளை எங்கே விடுவது? தாய்மார் கூடவே கொண்டு போனார்கள். பிள்ளைகள் பால் நிறைந்த சிரட்டைகளில் கை விட்டு அளைந்தன. ஒருத்தன் தலையில் ஊற்றிக்கொண்டான், அது காய்ந்து இறுகி, மொட்டை அடித்துத்தான் எடுக்க முடிந்தது. இரண்டு பிள்ளைகள் கன்னத்தோடு கன்னம் ஒட்டிக்கொண்டன. தோட்டத்து ரப்பர் ஸ்டோருக்குப் போகிற பால் நாளுக்கு நாள் குறைந்தது. தோட்டத்தை நடத்துகிற துரைக்குக் கோபம் வந்தது. விசாரித்து ஒரு முடிவு கட்டச் சொல்லி உத்தரவு போட்டார். இந்திரகுமார் தலைவர் என்ற முறையில் பொலிசுக்கும் ஃபோன் பண்ணிவிட்டார்.

விசாரணை மடுவத்திலேயே நடந்தது. சனங்கள் வாசலிலும் ஜன்னலிலும் நெரிந்து நின்றார்கள். டவுனிலிருந்து வந்த பொலிஸ் சார்ஜன் வயிறு பெருத்த, சாந்தமான சிங்களவர். தோட்டத்து மனிதர்களோடு பழகிப் பழகித் தமிழ் ஓரளவு வரும். பிள்ளைகள் நடுவே, பிள்ளைகள் உட்காருகிற குட்டிக் கதிரையில் அவரை உட்கார வைத்தார்கள். அதிலிருந்து எழும்ப முடியாதென்பது உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு விளங்கியது.

இந்திரகுமார் எழுந்து பேசினார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, வாயில் நிறைய வெற்றிலை. "நம்ம புள்ளைங்க நம்ம சொத்து. அதுங்க வாயில வெசத்த ஊத்துறத பாத்துக்கிட்டு சங்கம் சும்மா இருக்காதுங்க!" கை தட்டினார்கள். நிருஷா ஒரு மூலையில் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு நின்றாள். இன்றைக்குச் சிரித்தால் வேலை போகும், மானம் போகும், எல்லாம் போகும்.

சார்ஜன் பிள்ளைகளைப் பார்த்தார். "ஹரி, சரி. டீச்சர் மருந்து குடுத்தாங்களா?"

"ஆமா!" என்றன எல்லாம் ஒரே குரலில்.

"எல்லாரும் குடிச்சதா?"

"ஆமா!"

சார்ஜன் தாடையைத் தடவினார். அவருக்கும் பேரப்பிள்ளைகள் இருந்திருக்க வேண்டும். "நானும் குடிச்சதா?"

"ஆமா!"

"தொரையோட நாய்?"

"ஆமா! நாயும் குடிச்சுச்சு!"

"குடிச்சிட்டு?"

"பாட்டுப் படிச்சுச்சு!"

அவ்வளவுதான். முந்தானை வாயிலிருந்து தெறித்தது. நிருஷா சுவரோடு வழுக்கிக்கொண்டே இறங்கித் தரையில் உட்கார்ந்து, காலை நீட்டிப் போட்டுக்கொண்டு சிரித்தாள். டீச்சர் சிரிப்பதைப் பார்த்ததும் பிள்ளைகளும் தொடங்கின. வாசலில் நின்றவர்கள் மட்டும் சிரிக்கவில்லை.

"பாத்துக்கங்க சார்! இப்பவும் போதையில இருக்கு!" என்றார் இந்திரகுமார்.

சார்ஜனுக்கும் சந்தேகம் தட்டியது. "மிஸ் பீலாத?" என்று கேட்டார். குடித்திருக்கிறீர்களா என்று அர்த்தம். நிருஷாவால் தலையைத்தான் ஆட்ட முடிந்தது, அதுவும் எந்தப் பக்கம் ஆட்டினாளோ. அவர் பையைத் திறந்து, பண்டிகைக் காலத்தில் றோட்டில் டிரைவர்களை நிறுத்தி ஊதச் சொல்கிற பலூனை எடுத்தார். ஒரு கண்ணாடிக் குழாய், அதன் முனையில் பலூன். குழாய்க்குள் மஞ்சளாக ஒரு தூள். குடித்தவர்கள் ஊதினால் பச்சையாக மாறும்.

"மேக்க பிம்பின்ன" என்று, ஊதச் சொல்லி நீட்டினார்.

நிருஷா வாயில் வைத்து ஊதினாள். சிரிப்பு பாதி, மூச்சு பாதியாகப் போனதில் பலூன் ஒரு விதமான கெட்ட சத்தம் போட்டது. பிள்ளைகள் பாயில் உருண்டன. மறுபடி ஊதினாள், மறுபடியும் அதே சத்தம், முன்னதைவிட நீளமாக. ஜன்னலில் நின்ற ஒரு கிழவர் முதலில் சிரித்தார். சார்ஜனின் வயிறு குலுங்கத் தொடங்கியது. ஒருவழியாகக் கண்ணை மூடிக்கொண்டு, செத்துப்போன ஆட்களை எல்லாம் நினைத்துக்கொண்டு, பலூன் நிறைய ஊதிக் கொடுத்தாள்.

மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

"மிஸ் குடிக்க இல்லே" என்றார் சார்ஜன், குழாயை எல்லாருக்கும் தூக்கிக் காட்டி.

அதற்குள் பிள்ளைகளுக்குப் பலூன் ஆசை வந்துவிட்டது. எனக்கு, எனக்கு என்று சார்ஜனின் மேல் ஏறின. அவரால் கதிரையை விட்டு எழும்பவும் முடியவில்லை. வெறும் பலூன்களாக எடுத்துக் கொடுத்துத் தப்பித்துக்கொண்டார். ஷாமிளா தன் பலூனை வாங்கிக்கொண்டு, "அப்பாவுக்கும் குடுங்க!" என்றாள்.

"எனக்கெதுக்கு பாப்பா?" என்று இந்திரகுமார் பின்னால் நகர்ந்தார்.

"ஊதுங்களேன், புள்ள ஆசையா கேக்குது" என்றாள் கலைச்செல்வி. அவள் முகத்தில் பெருமை வழிந்தது. "சார், அதே குழாய் போட்டதை குடுங்க. எங்க வீட்டுக்காரரு கதிர்காமத்துல சத்தியம் பண்ணினவரு. எல்லாரும் பாக்கட்டும்."

"அதெல்லாம் வேணாம் கலை, சாருக்கு நேரமாவுது..."

"கமக் நே, கமக் நே" என்றார் சார்ஜன். பரவாயில்லை என்கிறார். புதுக் குழாயை மாட்டி நீட்டினார்.

தலைவர் மெழுகுதிரி அணைக்கிற மாதிரி ஒரு பொட்டு மூச்சு விட்டார். "ஹொந்தட்ட, ஹொந்தட்ட" என்று சார்ஜன் நன்றாக ஊதச் சொன்னார். சனங்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லை. ஊதினார்.

குழாய் கண்ணுக்கு முன்னாலேயே பச்சையானது. லேசான பச்சை இல்லை, கஞ்சிப் பச்சை.

ஜன்னலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஷாமிளா மட்டும் கையைத் தட்டினாள். "அப்பா மருந்து குடிச்சிருக்காரு!"

"என்னா மருந்து?" கலைச்செல்வியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"கக்கூஸுக்குப் பின்னால பொந்துல இருக்கே, இருமல் மருந்து. குடிச்சா தலை சுத்தும். அப்பாவும் செவுத்துல முட்டிக்கிருவாரே!"

நிருஷாவுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அந்த வீட்டில் தலை சுற்றினால் அதற்குப் பெயர் மருந்து குடித்தது. பிள்ளை பொய்யே சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த காரணத்தைச் சொல்லியிருக்கிறாள். மீதியைக் கேட்கக் கேட்க ஆமாம் போட்டிருக்கிறாள்.

"தலைவரே, கவலப்பட வேணாம்" என்றார் சார்ஜன் குட்டிக் கதிரையிலிருந்து. "வாகனம் ஓட்டினாத்தான் கேஸ். நீங்க சங்கம் மட்டும்தானே ஓட்டுறது."

அதன்பிறகு யார் சிரித்தார்கள், யார் சிரிக்கவில்லை என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஜன்னலில் நின்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். மூக்காயி அக்கா பானை மூடியைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். பலூன்கள் வெடித்தன. சார்ஜனைக் கதிரையிலிருந்து பிடுங்கி எடுக்க ரொபர்ட்டும் இன்னும் இரண்டு பேரும் தேவைப்பட்டார்கள். அந்தச் சந்தடியில் இந்திரகுமார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எந்தப் பக்கமாகப் போனாரென்று யாரும் கவனிக்கவில்லை, கலைச்செல்வியைத் தவிர. அவள் கையில் விறகுக்கட்டை இருந்ததாகச் சொல்கிறார்கள்.

மறுநாள் காலையில் மடுவம் நிறைந்துவிட்டது. கலைச்செல்வி கடைசியாக வந்தாள். ஷாமிளா டீச்சரின் முந்தானைக்கு ஓடினாள். கலைச்செல்வி வாசலிலேயே நின்றாள்.

"நீ என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்டி" என்றாள் நிருஷா.

"கேக்கத்தான் நெனச்சேன். நீ சிரிச்ச."

"நான் எதுக்குத்தான் சிரிக்கல? ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்." கலைச்செல்வி வெட்டுக் கத்தியின் முனையால் படியைச் சுரண்டினாள். "அன்னிக்கு அது மறந்துபோச்சு. புள்ள முகத்தப் பாத்ததும் எல்லாமே மறந்துபோச்சு."

நிருஷா அவள் கையிலிருந்த சோற்றுப் பையை வாங்கி உள்ளே வைத்தாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. முன்போல இரண்டு பேரும் சேர்ந்து டவுனுக்குப் போக இன்னும் சில வாரங்கள் பிடித்தன. போனபோது ரொபர்ட்டின் ஆட்டோவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து, இந்திரகுமார் இப்போது வீட்டுக்கு வந்ததும் தினமும் பெண்டாட்டிக்கு முன்னால் ஊதிக் காட்டவேண்டியிருக்கிற கதையைக் கலைச்செல்வி நடித்தே காட்டினாள்.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டதென்று சொல்ல முடியாது. சாயங்காலம் பிள்ளையைத் தூக்கும்போது இரண்டொரு தாய்மார் முத்தம் கொடுக்கிற சாக்கில் வாயை மோந்து பார்ப்பது நிருஷாவின் கண்ணில் படும். முதல் தடவை பார்த்தபோது நெஞ்சில் முள் தைத்தது. இப்போதெல்லாம் அவளே பிள்ளையைத் தூக்கி நீட்டி, "நல்லா மோந்து பாருங்க, இன்னிக்கு கருப்பட்டி கொஞ்சம் கூட" என்கிறாள். அவர்கள் வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள். ஆனால் மோந்து பார்க்கத்தான் செய்வார்கள்.

போன கிழமை பீலிக்கரையில் பெண்கள் தலையோடு தலை சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். கணக்கப்பிள்ளை ஒவ்வொரு சனிக்கிழமையும் சட்டைக்குச் சென்ட் அடித்துக்கொண்டு கேகாலை பஸ்ஸில் ஏறுகிறாராம். எதற்கு? யாரைப் பார்க்க? நிருஷா வாளியோடு அந்தப் பக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தாள். இதெல்லாம் பாவம், நமக்குப் பட்டது போதும், காதைப் பொத்திக்கொண்டு போய்விட வேண்டும் என்றுதான் நினைத்தாள்.

"அப்புறம்?" என்று கேட்டுவிட்டாள்.

பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். நிருஷா வாளியைக் கீழே வைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு, பீலித் திண்டில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினாள்.